குறிப்புச் சட்டகத்தை இனி நீங்கள்தான் போட வேண்டும்

பள்ளிக்கூடத் தமிழ்த் தேர்வில் கட்டுரைக் கேள்வி எப்படி வரும் என்று நினைவிருக்கிறதா? தலைப்பு இருக்கும், அதன் கீழேயே முன்னுரை, நான்கைந்து குறிப்புகள், முடிவுரை என்று குறிப்புச் சட்டகமும் அச்சாகி இருக்கும். ஒவ்வொரு குறிப்புக்கும் ஐந்தாறு வரி எழுதி, துணைத்தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனாவில் கோடு போட்டால் மதிப்பெண் வந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் அந்தச் சட்டகம் காணாமல் போகிறது. அதை இனி நீங்களேதான் போட வேண்டும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதும் இல்லை. பதினெட்டு வருடமாக முதுகலை வரலாற்று மாணவர்களின் அசைன்மென்டுகளைத் திருத்துகிறேன். படிக்காததால் மதிப்பெண் இழந்தவர்களைவிட, நன்றாகப் படித்துவிட்டு அதை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன பருவத்தில் ஒரு மாணவி பதினான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கேள்வி இதுதான்: ‘தமிழ்நாட்டில் பள்ளிச் சேர்க்கை உயர மதிய உணவே முதன்மைக் காரணம் என்னும் கருத்தை மதிப்பிடுக.’ அவர் 1920-இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்து, 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-இல் முட்டை, 2001-இல் சமைத்த உணவு தரச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவு, 2022-இல் காலை உணவு என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒரு வருடம்கூடத் தவறில்லை, கையெழுத்தும் அழகு. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை எங்கே என்று தேடினால், பதின்மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வரி கிடந்தது.

கேள்வியின் கடைசிச் சொல்லை அவர் பார்க்கவில்லை. விவரி என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். விளக்குக என்றால் ஏன், எப்படி என்பதும் வேண்டும். மதிப்பிடுக என்றால் கையில் தராசு இருக்க வேண்டும். அதோடு இந்தக் கேள்வியில் ‘முதன்மை’ என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை முதன்மை என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டுமானால், பக்கத்தில் வேறு காரணங்களையும் வைத்துப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? காமராஜர் காலத்தில் கிராமங்களுக்கு அருகிலேயே பள்ளிகள் திறந்தது, கட்டணமில்லாக் கல்வி, இலவசச் சீருடை இவையெல்லாம் அந்தப் பதினான்கு பக்கத்தில் இரண்டே வரியில் வந்து போய்விட்டன.

“நோட்டை மூடி வை. உங்க அம்மா இதே கேள்வியைக் கேட்டா என்ன சொல்லுவே, ஒரே வாக்கியத்துல சொல்லும்மா” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “சாப்பாடு பிள்ளைங்களை வரவச்சது மேடம், ஆனா பக்கத்துல பள்ளிக்கூடமே இல்லைன்னா சாப்பாட்டுக்காக எத்தனை மைல் நடப்பாங்க?” என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பதினான்கு பக்கத்தில் கிடைக்காத விடை அவர் வாயிலேயே இருந்தது. எழுத உட்காரும் முன் இந்த ஒரு வாக்கியம் கைக்கு வந்துவிட வேண்டும். பிறகு மாறலாம், மாறினால் நல்லதுதான், ஆனால் அது இல்லாமல் முதல் பத்தியை ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் தாள் வேலை. வீட்டில் கிழித்துப் போடும் தினசரி நாட்காட்டித் தாள்களை நான் சேர்த்து வைத்திருப்பேன், பின்பக்கம் வெறுமையாக இருக்கும், ஒரு தாளுக்கு ஒரு கருத்து, அதுவும் ஒரே வரியில். அவருக்கு இருபத்து மூன்று தாள் வந்தது. மேசையில் பரப்பி, அந்த வாக்கியத்துக்கு எது உதவுகிறது, எது எதிராக நிற்கிறது, எது இரண்டிலும் சேரவில்லை என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். அப்போதுதான் அவருக்கே ஒன்று புலப்பட்டது: சேர்க்கை வேறு, வருகை வேறு, இடைநிற்றல் வேறு. மதிய உணவு எதை உயர்த்தியது என்று பிரித்துப் பார்க்காமல் மூன்றையும் ஒன்றாகவே எழுதிவந்திருக்கிறார். பட்டியலினப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர்கள் பற்றி ஒரு தாள் இருந்தது, அதை எதிர்வாதப் பக்கம் வைத்தோம். காலை உணவுத் தாளை என்ன செய்வது என்றுதான் தயங்கினார். அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் ஆசையாக எழுதியிருந்தார். ஆனால் 2022 வாக்கில் தொடக்கப் பள்ளிச் சேர்க்கை ஏறத்தாழ முழுமையாகிவிட்டது, சேர்க்கை ஏன் உயர்ந்தது என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது. கஷ்டப்பட்டுத்தான் எடுத்து ஓரமாக வைத்தார். திட்டமிடுவதில் கடினமான இடம் இதுதான், நல்ல விஷயத்தைக்கூட இடம் இல்லை என்று ஒதுக்குவது.

கணக்கும் போட்டுவிடுங்கள். 2000 சொல் என்றால் முன்னுரைக்கு 200, முடிவுரைக்கு 200 போக மீதி 1600. ஒரு பத்திக்கு ஏறக்குறைய 200 சொல் என்றால் எட்டுப் பத்திதான். எட்டுக் கருத்துக்குத்தான் இடம், இருபத்து மூன்றுக்கு இல்லை. இந்தக் கணக்கைப் போடாதவர்கள் முதல் கருத்துக்கே நான்கு பக்கம் கொடுத்துவிட்டு, கடைசியில் முக்கியமானதை அவசரமாக நான்கு வரியில் முடிக்கிறார்கள். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் இதற்குப் பெயரே இருக்கிறது: சென்றுதேய்ந்து இறுதல். ஆரம்பத்தில் ஆற்றுவெள்ளம் மாதிரி வந்து போகப் போக வற்றிப்போவது. சம்பந்தமில்லாத காலை உணவை ஒன்றரைப் பக்கம் எழுதினாரே, அதற்கும் அங்கே பெயர் உண்டு, மற்றொன்று விரித்தல்.

பத்திகளை எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாக வாசியுங்கள். ‘1956-ஆம் ஆண்டில்’, ‘1982-ஆம் ஆண்டில்’ என்றே எல்லாம் ஆரம்பித்தால் நீங்கள் எழுதியது காலவரிசை, வாதம் இன்னும் வரவில்லை. ‘உணவு சேர்க்கையைவிட வருகையையே முதலில் மாற்றியது’ என்பது போல ஒரு கருத்தோடு பத்தி தொடங்கினால், 1956-உம் 1982-உம் அதற்குச் சான்றாகத் தானாக உள்ளே வந்து சேரும். சான்றைச் சொன்ன பிறகு, அது கேள்விக்கு எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு வரி எழுத மறக்காதீர்கள். அந்த வரிக்குத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். ‘கல்வி கண் போன்றது’ என்று தொடங்கும் முன்னுரைகளை, ஒரு கட்டு அசைன்மென்டுகளைத் திருத்தினால் பாதிப் பேரிடமாவது பார்க்கிறேன். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாதபோதுதான் அந்த வரி வருகிறது. கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், உங்கள் முடிவு என்ன, எந்த வழியாக அங்கே போகப் போகிறீர்கள், இந்த மூன்றும் இருந்தால் சரி. முடிவுரையில் புதிய சான்று வேண்டாம், முன்னால் சொன்னதையே திரும்ப எழுதவும் வேண்டாம், எந்த அளவுக்கு ஆம், எந்த அளவுக்கு இல்லை என்று தீர்ப்பை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு பதினோரு மணிக்கு உட்காரும்போதுதான் வெட்டி ஒட்டும் ஆசை வருகிறது. நான் பிடித்த நகல்களில் பலவற்றை எழுதியவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பயந்துபோன பிள்ளைகள். இரண்டு வாரம் தந்தால் முதல் மூன்று நாளைத் தாள்களுக்குக் கொடுங்கள்.

உங்கள் ஆசிரியரிடம் அந்தத் தாள்களோடு போய் நில்லுங்கள், எழுதி முடித்த பக்கங்களோடு போகாதீர்கள். எட்டுத் தாளை மாற்றி அடுக்க பத்து நிமிடம் போதும். பதினான்கு பக்கத்தைத் திருப்பி எழுதச் சொன்னால் உங்களுக்கும் மனசு வராது, சொல்ல எங்களுக்கும் மனசு வராது.