பிக்சர் விண்டோ: காற்று வராத ஜன்னலுக்குத் தமிழில் என்ன பெயர்?

திருவையாற்றுக்குப் பக்கத்தில் என் சித்தப்பா மகன் வீடு கட்டுகிறான். வடக்கே வயல், வயல் முடிகிற இடத்தில் வாய்க்கால், கரையில் நாலைந்து தென்னை. வரைபடம் கொண்டுவந்த ஆர்க்கிடெக்ட் பெண், கூடத்து வடக்குச் சுவரில் எட்டடி அகலத்துக்குக் கட்டம் போட்டு ‘பிக்சர் விண்டோ’ என்று எழுதியிருந்தார்.

“அப்படின்னா என்னம்மா?” என்றார் சித்தப்பா.

“நல்லா வெளிச்சம் வரும் சார். சட்டம் போட்ட படம் மாதிரி வயல் தெரியும்.”

“காத்து?”

“அது திறக்காது சார், ஒரே கண்ணாடி.”

“அப்ப அது ஜன்னலே இல்லையே.”

சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் சித்தப்பா பக்கம்தான் நியாயம். ‘ஜன்னல்’ போர்த்துகீசிய ‘ஜனேலா’விலிருந்து வந்தது. மேசை, சாவி, அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவைதான். 1658ல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை நாகப்பட்டினம் போர்த்துகீசியர் கையில் இருந்தது என்பதால், நம் பக்கத்துக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ‘ஜனேலா’வுக்கு மூலம் லத்தீன் ‘யானுவா’, அதாவது கதவு. அதன் சிறுமை வடிவம் மருவி ஜனேலா ஆயிற்று. ஆக, ஜன்னல் என்றால் குட்டிக் கதவு. ஆங்கில ‘விண்டோ’வின் பழைய நார்ஸ் மூலத்துக்கோ ‘காற்றுக்கண்’ என்று பொருள்.

அதையே தமிழ் எப்போதோ சொல்லிவிட்டது: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் பூம்புகாரை வர்ணிக்கும்போது ‘மான்கண் காலதர் மாளிகை’ என்கிறது. மானின் கண் போன்ற துளைகள் விட்ட ஜன்னல்கள். அதே புகாரில் கோவலனும் கண்ணகியும் மாடத்தின் நடுநிலையில் இருக்கும்போது, ‘கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து’ வண்டோடு தென்றல் உள்ளே வருகிறது. சாளரம் என்ற சொல் நம் ஆற்றங்கரையிலேயே எவ்வளவு பழையது பாருங்கள். இங்கும் நுழைவது காற்றுதான். அந்தச் சின்னச் சின்னக் கண்கள் வழியே வயலையோ கடலையோ முழுசாகப் பார்க்க முடியாது.

பல கண் உள்ளது பலகணி. இதைத்தான் ‘பால்கனி’ ஆக்கிவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். பால்கனி இத்தாலியச் சொல்.

சரி, வெளிச்சத்தையும் காட்சியையும் மட்டும் உள்ளே விடுகிற இந்தப் புது உருப்படிக்கு? என் ஓட்டு ‘காட்சிச் சாளரம்’. ‘பட ஜன்னல்’ என்றால் சொல்லுக்குச் சொல் மாற்றியதுபோல் இருக்கிறது, சினிமா கொட்டகை ஞாபகமும் வருகிறது. திறக்காத கண்ணாடியைக் காலதர் என்றும் சொல்ல முடியாது.

பெயரை விடப் பெரிய சிக்கல் சில் மட்டத்தில், அதாவது தரையிலிருந்து ஜன்னலின் அடிவிளிம்பு வரை உள்ள உயரத்தில் இருந்தது. வழக்கம்போல மூன்றடி என்று போட்டிருந்தார்கள். மலை ஊரில் அது சரியாக இருக்கலாம். இங்கே தரை தட்டை, பார்க்க வேண்டியதெல்லாம் கீழேதான் இருக்கிறது. கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தால் கண் இருப்பது சுமார் இரண்டரை அடி உயரத்தில். மூன்றடிச் சுவருக்குப் பின்னால் வயலும் தெரியாது, வாய்க்காலும் தெரியாது. தென்னை மட்டையும் வானமும்தான். சித்தப்பா தரையில் உட்கார்ந்து காட்டினார். அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பென்சிலால் ஒன்றரை அடி என்று திருத்தினார். நல்ல ஆர்க்கிடெக்ட்.

அப்புறம் வெயில். வடக்கு வெளிச்சம் என்றால் நேர் வெயில் படாது என்பது நம்மைவிட வடக்கே இருக்கிற நாடுகளின் கணக்கு. நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம்வரை உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். உச்சி வெயிலுக்கு இரண்டடி சன்ஷேட் போதும். காலையிலும் சாயங்காலத்திலும் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து சாய்ந்து வருவதைத் தடுக்கப் பக்கவாட்டில் தடுப்பு வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ல் திறந்து, குறுவை நடவுக்குத் தண்ணீர் கட்டுவதும் இந்த மாதங்களில்தான். வயலே கண்ணாடியாகிவிடும். வெளிச்சம் கீழிருந்து எகிறி சீலிங்கில் ஆடும். பார்க்க அழகு, பேப்பர் படிக்க உட்கார்ந்தால் கண் கூசும்.

கடைசியில் நடுவே ஆறடிக் கண்ணாடி, இரண்டு பக்கமும் ஓரடிக்குத் திறக்கிற கதவு என்று முடிவாயிற்று. என் வற்புறுத்தலில் வரைபடத்தில் நடுவே ‘காட்சிச் சாளரம்’, பக்கங்களில் ‘காலதர்’ என்று எழுதியிருக்கிறது. மேஸ்திரி அதைப் படித்துவிட்டு, “பெரிய ஜன்னல் ஒண்ணு, சின்ன ஜன்னல் ரெண்டு, சரிதானே?” என்று கேட்டார்.