முகாமில் பிறந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதியை

மதுரைப் பக்கம் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூரில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களிலிருந்து என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "1990-ல வந்தோம் சார். கூட வந்த தங்கச்சி கனடா போய் சிட்டிசனாயிட்டா. நாங்க மட்டும் ஏன் இப்படியே இருக்கோம்?"

கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டவர் நிரந்தர வசிப்புரிமை வாங்கலாம். ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் அங்கே இருந்த கணக்கு வந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு தேர்வு, உறுதிமொழி, அவ்வளவுதான். அந்த நாடு 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறது. அகதிகள் குடியுரிமை பெறுவதை இயன்றவரை எளிதாக்க வேண்டும் என்கிறது அதன் 34-வது பிரிவு. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை.

இங்கே எல்லாம் 1955 குடியுரிமைச் சட்டப்படிதான். முறையாக வந்த வெளிநாட்டவர் மொத்தம் 12 ஆண்டு வசித்திருந்தால் விண்ணப்பிக்க அதில் வழி உண்டு. ஆனால் உரிய ஆவணம் இல்லாமல் வந்தவரை 'சட்டவிரோதக் குடியேறி' என்று சொல்லி, 2003 திருத்தம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. உயிருக்குப் பயந்து படகேறியவர் கையில் விசா எங்கே இருக்கும்? அந்தக் கதவைச் சிலருக்குத் திறந்த 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான். இலங்கையை விட்டது அநியாயம் என்றே நினைக்கிறேன். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் அது குடியுரிமை ஆகாது.

சரி, வழியே இல்லையா? சிலருக்கு உண்டு, அதுவும் அவர்களுக்கே தெரியாமல். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் இலங்கையராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். யாரிடமும் குடியுரிமை கேட்க வேண்டியதில்லை. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது; 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1 முதல், 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்கும் பிறகு பிறந்தவர்களுக்குத்தான் சிக்கல்: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

இலங்கை மலையகத்திலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் தாத்தா பாட்டியின் பழைய காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்பதாகச் சொன்ன 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியக் குடியுரிமைக்கு மனுச் செய்த குடும்பமா என்று பார்க்க வேண்டும். இந்திய வம்சாவளியினர் சிலர் தொடுத்த வழக்கில், அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019-ல் இதே மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது.

நடைமுறையில் எல்லாம் பிறப்புச் சான்றிதழில்தான் போய் முட்டும். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் 'பெண்' என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அப்பா பெயர் அதில் செல்வராஜ், முகாம் பதிவில் செல்வராசா. ஆதார் இருக்கிறதே என்பார்கள். ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது. ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, குடிமகன் என்று பொய்யாக எழுதிக் கொடுத்து வாக்காளர் அட்டை வாங்குவதோ இன்னும் ஆபத்து. அது குற்றம், பிறகு எந்த மனுவையும் கெடுத்துவிடும்.

பிறப்பே பதிவாகவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து உத்தரவு வாங்குங்கள். அதை முடித்துக்கொண்டு வாருங்கள், வழக்கை அப்புறம் பேசலாம்.