பில்லிங் மென்பொருள் மாற்றம்: கட்டங்களை எங்கே வெட்டுவது?

"கட்டம் கட்டமாகச் செய்து தருகிறோம்" என்று சொல்லாத மென்பொருள் நிறுவனம் இல்லை. அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: முதல் இரண்டு மாதம் டேட்டாபேஸ், அடுத்த இரண்டு மாதம் திரைகள், பிறகு ரிப்போர்ட்டுகள், கடைசி இரண்டு வாரம் சோதனை. ஐந்தாவது மாதம் வரை கடைக்காரரால் ஒரு பில்கூடப் போட்டுப் பார்க்க முடியாது. அதற்குப் பிறகு தெரியவரும் பிழைக்கு அடியிலிருந்து மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு வேலை முழுதாக முடிந்த பிறகே அடுத்ததற்கு இறங்கும் இந்த 'நீர்வீழ்ச்சி' முறைக்கு, அமெரிக்க மென்பொருள் அறிஞர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையை ஆதாரமாகக் காட்டுவார்கள். சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அதே கட்டுரையில்தான் அவர் எழுதியிருக்கிறார். கட்டுரையில் உள்ள படிப்படியான வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள் அதிகம் போல.

கட்டத்தை வேறு விதமாக வெட்டுங்கள்: ஒவ்வொரு கட்டமும் கடையில் ஓடிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். நான்கு கிளை உள்ள மொத்த வியாபாரம் என்றால் முதல் கட்டம் ஒரே கிளை, ரொக்க விற்பனை மட்டும். ஆனால் அதில் பொருள் பட்டியல், வரி விகிதம், பில் அச்சு, விற்றதை இருப்பிலிருந்து கழிப்பது, இரவுக் கணக்கு முடிப்பு அத்தனையும் உண்மையாக ஓட வேண்டும். கடன் விற்பனையும் திரும்பி வரும் சரக்கும் அடுத்து. கொள்முதல், கிளைகளுக்கிடையே சரக்கு அனுப்புவது அதற்கும் பிறகு. அதுவரை அவை பழைய மென்பொருளிலேயே நடக்கும். அவற்றில் பதிவாகும் சரக்கு வரவும் செலவும் தினமும் இரவு எக்செல் கோப்பாகப் புதியதற்கு வர வேண்டும். பிறகு தூக்கிப்போடப்போகும் இந்த இணைப்புக்கும் ஆள், நேரம், பணம் ஆகும். விலைப்புள்ளியில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

பழைய தரவை மாற்றுவதை ஒரு நாள் வேலை என்று நினைக்காதீர்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வாடிக்கையாளர் பெயர்கள் யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். ஒரே கடை மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று கணக்காக இருக்கும். இருப்பு மைனஸில் கிடக்கும். இவற்றைப் பழைய மென்பொருளிலேயே சரிசெய்துவிட்டு, ஒத்திகையாக ஏற்றிப் பாருங்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை, மொத்த நிலுவை, இருப்பின் மதிப்பு மூன்றும் இரண்டு பக்கமும் பைசா சுத்தமாகப் பொருந்தும்வரை ஒத்திகை முடியவில்லை.

பழைய மென்பொருளையும் புதியதையும் இணையாக ஓட்டிச் சரிபார்க்கும் நாட்களில் ஒரே விற்பனைக்கு இரண்டு பில் எண் விழுந்துவிடக் கூடாது. வாடிக்கையாளர் கையில் போவது ஒன்று மட்டும். மற்றது சோதனைப் பதிவு. புதிய மென்பொருளுக்குத் தனி முன்னெழுத்துடன் வேறு வரிசை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஜிஎஸ்டி விதிப்படி முழு எண்ணும் 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. ஜிஎஸ்டி கணக்கை மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு 11, 20 தேதிகள் கெடு. அந்த வாரங்களில் மாற்றம் வேண்டாம்.

எல்லாக் கிளைகளையும் ஒரே இரவில் மாற்றிவிடத் தோன்றும். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு நகர்த்தியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது, தளம்தான் தாங்கவில்லை. இதற்காக வங்கிக்கு 2022-இல் விதிக்கப்பட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு.

ஒரு கிளையை மாற்றும் நாளிலும் பின்வாங்கும் வழி எழுத்தில் இருக்கட்டும்: எந்தக் கோளாறு வந்தால் பழையதற்குத் திரும்புவது, எத்தனை மணிக்குள், யார் சொல்லி. அதுவரை புதியதில் போட்ட பில்களைப் பழையதில் யார் ஏற்றுவார் என்பதையும் பெயரோடு எழுதிவையுங்கள்.