பன்னெண்டு வருச ஸ்காட்ச்சும் டாஸ்மாக் குவாட்டரும்

கும்பகோணத்துல வயிறு, லிவர் பாக்குற டாக்டரா உக்காந்திருந்தா பேஷன்ட்டுங்க வாயிலேர்ந்து அதிகமா கேக்குறது மாத்திரை பேரு இல்லைங்க, சரக்கு பேருதான். "குடிப்பீங்களா?"ன்னு கேட்டா "நல்ல சரக்கு மட்டும்தான் டாக்டர்"னு பதில் வரும், எவ்வளவுன்னு கேட்டா "எல்லாம் லிமிட்தான்"னு வரும், அந்த லிமிட் எத்தனை எம்.எல்.னு பக்கத்துல நிக்கிற சம்சாரத்தோட மூஞ்சியைப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கணும்.

மன்னார்குடி, கூத்தாநல்லூர், பட்டுக்கோட்டைப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்காங்க, லீவுல வரும்போது டூட்டி ஃப்ரீல ரெண்டு லிட்டர் கொண்டு வர்றாங்க, அதுல ஒரு பாட்டில் மாமனாருக்கு. நாகப்பட்டினம், திருவாரூர்காரங்களுக்கு காரைக்கால் எட்டுற தூரம்கிறதால அங்க என்னென்ன பிராண்டு கிடைக்கும்னு அத்துப்படி. மிலிட்டரில இருந்து ரிட்டயர்ட் ஆனவங்க கேன்டீன் சரக்கைத் தவிர வேற எதையும் சரக்குன்னே ஒத்துக்க மாட்டாங்க. ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு வச்சிருக்காங்க. ஃபாரின் சரக்கு லிவரை ஒண்ணும் பண்ணாது, டாஸ்மாக் சரக்குதான் அரிச்சுடும், கலர் டார்க்கா இருந்தா ஸ்ட்ராங்கு, எரியாம இறங்கினா உடம்புக்கு நல்லது, இப்படி. ஓ.பி.ல ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து பேச நேரம் பத்தலை, அதான் எழுதிடலாம்னு.

விஸ்கிக்கு விஸ்கி வித்தியாசம் இருக்கான்னா நிச்சயமா இருக்கு, அதை நான் இல்லன்னு சொல்ல வரலை. ஸ்காட்ச்னு பேர் போடணும்னா ஸ்காட்லாந்துலயே வடிச்சு, அங்கயே ஓக் மரப் பீப்பாயில குறைஞ்சது 3 வருசம் கிடக்கணும், ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் கீழ போகக் கூடாது, இது சட்டம். சிங்கிள் மால்ட்னா ஒரே டிஸ்டில்லரில முளைகட்டின பார்லியை மட்டும் வச்சு செம்புப் பானையில வடிச்சது. (நம்ம வீட்டுல கேழ்வரகை முளைகட்டி காய வச்சு அரைப்போம்ல, அதே மாதிரி வேலைதான், முளை விடும்போது மாவுச்சத்தை சர்க்கரையாக்குற என்சைம் உண்டாகும்.) பிளெண்டட்னா மால்ட்டோட கோதுமை, மக்காச்சோளம்னு மத்த தானிய விஸ்கியும் கலந்தது. அமெரிக்காவோட போர்பன்ல 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்கணும், உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாயில வைக்கணும். வடிச்சு எடுக்கும்போது எல்லாமே தண்ணி கலர்தான், கலரும் வாசனையில பெரும்பங்கும் மரத்துலேர்ந்து வருது. அதுக்கு மேல ஸ்காட்ச்லயே கேரமல் கலர் சேத்துக்க சட்டம் அனுமதிக்குது, அதனால கலரைப் பாத்து ஸ்ட்ராங்கு, வயசு, தரம் எதையும் சொல்லவே முடியாது.

நம்ம ஊர்ல விக்கிற சாதா விஸ்கி வேற ரகம். கரும்புல சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சுற மொலாசஸ்லேர்ந்தோ, இப்பல்லாம் குருணை அரிசிலேர்ந்தோ 96 சதவீதம் வரைக்கும் சுத்தமா வடிச்ச ஸ்பிரிட், ஈ.என்.ஏ.ன்னு சொல்லுவாங்க, வாசனையே இருக்காது, அதுல கொஞ்சம் மால்ட் ஸ்பிரிட்டோ ஸ்காட்ச்சோ கலந்து கேரமலும் ஃப்ளேவரும் போட்டு தண்ணி விட்டு 42.8 சதவீதத்துக்குக் கொண்டு வர்றாங்க. தானியத்துல செஞ்சாத்தான் விஸ்கின்னு ஐரோப்பாவுல சட்டம் இருக்கு, மொலாசஸ் சரக்கை அந்தப் பேர்ல அங்க விக்க முடியாது. அதுக்காக இந்தியாவுல விஸ்கியே இல்லன்னு சொல்லிடாதீங்க, பெங்களூரு அம்ருத் 2004-ல தங்களோட சிங்கிள் மால்ட்டை கிளாஸ்கோவுலயே போய் இறக்கினாங்க, கோவாவுல பால் ஜான் இருக்கு. ஸ்காட்லாந்து குளிர்ல பீப்பாயிலேர்ந்து வருசத்துக்கு 2 சதவீதம் மாதிரி ஆவியாகும், பெங்களூர்ல அது 10 சதவீதத்துக்கும் மேல, சூட்டுல மரத்தோட சாரமும் சீக்கிரம் இறங்கிடும், அதனால நம்ம அஞ்சு வருச மால்ட்டை அவங்க பன்னெண்டு வருசத்தோட நம்பரை மட்டும் வச்சு ஒப்பிட்டா சரியா வராது. பாட்டில்ல போட்ட 12-ங்கிறது கலந்ததுலயே இளசான விஸ்கியோட வயசு. கண்ணாடிக்குள்ள போனப்புறம் வயசு ஏறாது, மாமனார் பீரோவுல பத்து வருசமா பூட்டி வச்சிருக்கிற 12 இயர்ஸ் இன்னும் 12 இயர்ஸ்தான்.

ருசி பாக்குறதை தொழிலா பண்றவங்க எப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சா நம்ம ஆளுங்க ஏமாந்து போவாங்க. பிளெண்டர்னு ஒரு வேலை இருக்கு, நாள் பூரா சாம்பிள் பாக்கணும், அவங்க பெரும்பாலும் குடிக்கறதே இல்ல, மோந்துதான் பாப்பாங்க. வாய் குறுகின கிளாஸ்ல கொஞ்சமா ஊத்தி, ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்குற வரைக்கும் தண்ணி விட்டு நீர்த்து, மூக்கை வச்சு. தண்ணி விட்டா விஸ்கி கெட்டுப் போச்சுன்னு சொல்றது வீராப்பு, 2017-ல ஸ்வீடன்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து, தண்ணி சேத்தா புகை வாசனைக்குக் காரணமான குவாயகால்ங்கிற பொருள் மேல்பரப்புக்கு வருதுன்னு சொல்லியிருக்காங்க. ஐஸ் போட்டா வாசனை அமுங்கிடும், கோலா ஊத்தினா பன்னெண்டு வருசமும் பன்னெண்டு நிமிசமும் ஒண்ணுதான். ஃப்ரெண்ட் ஒருத்தர் வீட்டுல நானும் நாலு கிளாஸ் வரிசையா வச்சு மோந்து பாத்திருக்கேன், ஸ்காட்லாந்தோட ஐலா தீவு விஸ்கி ஒண்ணு, பீட்ங்கிற பாதி மக்கின தாவரக் கட்டியைக் கொளுத்தி அந்தப் புகையில பார்லியைக் காய வைக்கிறது, அப்படியே அயோடின் வாசனை, ஆஸ்பத்திரில புண்ணுக்குக் கட்டுப் போடுற ரூம்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு. அதுக்குப் போய் இவ்வளவு காசு குடுக்கறாங்களேன்னு தோணுச்சு, அது என் ருசி.

நம்ம பார்ல நடக்கறது டேஸ்டிங்கே இல்ல. பிளாஸ்டிக் டம்ளர்ல கட்டிங் ஊத்தி, மூக்கைச் சுளிச்சுக்கிட்டு ஒரே மூச்சுல கவுத்து, உடனே ஊறுகாயை நக்கினா நாக்குக்கு என்ன தெரியும், எரிச்சல் மட்டும்தான் தெரியும். அந்த எரிச்சல் குறைஞ்சா நல்ல சரக்குன்னு முடிவு பண்ணிடறாங்க. என் அனுபவத்துல இந்த ஸ்மூத்துங்கிற சமாச்சாரம்தான் நிறையப் பேரைக் கவுத்திருக்கு, ஏன்னா எரிஞ்சா ரெண்டாவது ரவுண்டுல கை தயங்கும், வழுக்கிக்கிட்டு இறங்குறது நாலாவது ரவுண்டுக்குப் போகும், மறுநாள் தலைவலியும் பெருசா இல்லன்னா இது உடம்புக்கு ஒத்துப் போவுதுன்னு தினமும் ஆயிடும்.

இப்ப லிவர் கணக்குக்கு வருவோம். எத்தனை எம்.எல். குடிச்சீங்களோ அதை பாட்டில்ல போட்டிருக்கிற சதவீதத்தால பெருக்கி 100-ஆல வகுத்து 0.8-ஆல பெருக்குங்க, அதுதான் உள்ள போன சுத்த ஆல்கஹால், கிராம்ல. 60 எம்.எல். லார்ஜ், 42.8 சதவீதம், கிட்டத்தட்ட 20 கிராம். அதே லார்ஜ் 40 சதவீத ஸ்காட்ச்ல 19 கிராம். ஒரு கிராம்தாங்க வித்தியாசம், ஆயிரக்கணக்குல காசு குடுத்து! ஒரு குவாட்டர்னா, அதாவது 180 எம்.எல்., 60 கிராமைத் தாண்டும். தினம் மூணு லார்ஜ் சிங்கிள் மால்ட்டை ரசிச்சு ரசிச்சு அடிக்கிற சிங்கப்பூர் ரிட்டர்ன் அண்ணனும், நடவு வேலை முடிஞ்சு ஒரு குவாட்டரை உடைச்சு தண்ணி ஊத்தி அடிச்சுட்டுப் படுக்கிறவரும் லிவர் கணக்குல ஒரே ஆள்தான். பீர்தானே சாப்பிடறேன்கிறவங்களுக்கும் கணக்கு இருக்கு, 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 எம்.எல். பாட்டில் ஒண்ணுல 40 கிராமுக்கு மேல, அதாவது ரெண்டு லார்ஜ். பீப்பாயிலேர்ந்து தண்ணி கலக்காம எடுக்கிற காஸ்க் ஸ்ட்ரெங்த் 60 சதவீதத்தைக்கூட தொடும், அதை அதே அளவுல ஊத்துனா ஒரு லார்ஜே ஒண்ணரை லார்ஜ்.

லிவர் ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 7-லேர்ந்து 10 கிராம்தான் கரைக்கும், அவசரப்படுத்த முடியாது, மோர் குடிச்சாலும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சாலும் குளிச்சாலும் அதே வேகம்தான். கரைக்கும்போது முதல்ல அசிட்டால்டிஹைடா மாறும், லிவருக்கு வர்ற கெடுதல்ல பெரும்பங்கு ஆல்கஹாலாலயும் இந்த அசிட்டால்டிஹைடாலயும்தான், ஆல்கஹால் பார்லிலேர்ந்து வந்துச்சா மொலாசஸ்லேர்ந்து வந்துச்சான்னு லிவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னா காஞ்ஜனர்னு சொல்ற மத்த கழிவுச் சரக்கெல்லாம் ஈ.என்.ஏ.வை விட போர்பன்லயும் மால்ட்லயும்தான் ஜாஸ்தி, ருசியே அதுலேர்ந்துதான் வருது, தலைவலியையும் அது கொஞ்சம் கூட்டும். அப்ப டாஸ்மாக் சரக்கு அடிச்சா காலையில ஏன் அப்படி இருக்குன்னு கேப்பீங்க, வெறும் வயித்துல, தண்ணி குடிக்காம, அரை மணி நேரத்துல ஒரு குவாட்டரை முடிச்சா எந்த சரக்கா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். புற்றுநோய் லிஸ்ட்ல ஆல்கஹாலை 1988-லயே முதல் குரூப்ல, அதாவது புற்றுநோயை உண்டாக்கும்னு உறுதியான குரூப்ல போட்டாச்சு, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு 2023-ல உலக சுகாதார நிறுவனமும் சொல்லிருச்சு.

அளவுக்கு மேல தினமும் குடிக்கிறவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு ஃபேட்டி லிவர் வரும், வலிக்காது, ஸ்கேன்லதான் தெரியும். நிறுத்தினா சில வாரத்துலயே கொழுப்பு இறங்கிடும், இதுதான் நான் பேஷன்ட்டுங்களுக்குச் சொல்ற நல்ல சேதி. நிறுத்தாதவங்கள்ல ஒரு பங்கு பேர் லிவர் தழும்பாகி இறுகிப் போற சிரோசிஸ் வரைக்கும் போயிடறாங்க, வயித்துல நீர், ரத்த வாந்தி எல்லாம் அப்பதான். டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் நிறுத்திட்டு வந்தா ரிப்போர்ட் கிளீனா வரும்னு நினைச்சு வர்றவங்களுக்கு ஒரு தகவல், ரத்தத்துல பாக்குற ஜி.ஜி.டி.ங்கிற லிவர் என்சைம் ரெண்டு நாள்ல இறங்காது, வாரக்கணக்கு ஆகும். குடிக்கிறவங்களுக்குக் கண்ணு மஞ்சளாச்சுன்னா கீழாநெல்லியை அரைச்சுக் குடிச்சுட்டு மூணு வாரம் கழிச்சு வராதீங்க, அன்னைக்கே வாங்க.

"விஸ்கில சுகர் இல்லையே டாக்டர், சுகர் பேஷன்ட்டுக்கு பீரை விட அதுதானே பெட்டர்?"னு அடிக்கடி கேக்கறாங்க. சுகர் இல்லைங்கிறது சரி, ஆனா ஆபத்தே அங்கதான். ராத்திரி நம்ம சாப்பிடாத நேரத்துல ரத்தத்துல சர்க்கரையை விட்டுக்கிட்டே இருக்கிறது லிவர், அது ஆல்கஹாலைக் கரைக்கிற வேலையில இருந்தா புதுசா சர்க்கரை தயாரிக்காது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ வேற உள்ள இருக்கு, சைட் டிஷ்ஷோட நிறுத்திட்டு சோறு திங்காம படுத்தாச்சு, விடியக்காலை மூணு நாலு மணிக்கு சர்க்கரை சரிஞ்சு வேர்த்துக் கொட்டும், உளறுவாங்க, எழுப்பினா எழுந்திரிக்க மாட்டாங்க. வீட்டுல இருக்கிறவங்க மப்பு இன்னும் தெளியலைன்னு போர்வையைப் போத்தி விட்டுட்டுப் போயிடறாங்க. அப்படி லேட்டாகி வந்தவங்களை நான் பாத்திருக்கேன், மூளை பழைய நிலைக்குத் திரும்பலை. குளுக்கோமீட்டர் இருந்தா குத்திப் பாருங்க, முழிப்பு இருந்தா சர்க்கரைத் தண்ணி குடுங்க, முழிப்பு இல்லன்னா வாயில எதையும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடுங்க.

எவ்வளவு பெரிய டேஸ்டிங் நிபுணரா இருந்தாலும் நாக்கு கண்டுபிடிக்காத ஒண்ணு மெத்தனால், கள்ளச்சாராயத்துல கலந்து வர்ற விஷ ஆல்கஹால். 2023 மே மாசம் மரக்காணம், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி, கள்ளக்குறிச்சில மட்டும் 60 பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. கேன்ல, பாக்கெட்ல, சீல் இல்லாத பாட்டில்ல வர்றதை வாங்காதீங்க, கல்யாண வீட்டுல மொத்தமா இறக்கினது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாட்டி தொடாதீங்க. குடிச்ச உடனே தெரியாது, அரை நாள், ஒரு நாள் கழிச்சு வயித்து வலி, வாந்தி, மூச்சிரைப்பு, பார்வை வெள்ளையா மங்குறது. அதுக்கு மாத்து மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் எந்த மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி பக்கமோ நேரா அங்க போங்க, போலீஸ் கேஸ் ஆயிடுமேன்னு மறைச்சு ஃபுட் பாய்சன்னு சொல்லாதீங்க.

அப்புறம் கார்த்திகை. தினமும் குவாட்டருக்கு மேல பல வருசமா குடிக்கிறவங்க, காலையில எழுந்தா கை நடுங்குறவங்க, ஒண்ணாம் தேதி மாலையைப் போட்டுக்கிட்டு பட்டுனு நிறுத்திடறாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா உடம்பு அப்படி நிக்காது. அன்னைக்கே வேர்க்கும், நடுங்கும், ரெண்டு நாளைக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், மூணாவது நாலாவது நாள் இல்லாத பூச்சியையும் ஆளையும் பாத்துக் கத்துவாங்க, வீட்டுல சாமி வந்திருச்சுன்னு கற்பூரம் காட்டிக்கிட்டு இருப்பாங்க. இதுல உயிர் போறதும் உண்டு. ஸ்காட்ச் குடிச்சவருக்கு கம்மியா நடுங்கும்னு எதுவும் இல்ல. நிறுத்தறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எங்களை மாதிரி ஒரு டாக்டரையோ மனநல டாக்டரையோ பாத்துட்டீங்கன்னா வைட்டமின் பி1 ஊசியும், நடுக்கத்துக்குப் படிப்படியா குறைக்கிற மாத்திரையும் குடுத்து பத்திரமா நிறுத்திடலாம், போக சங்கடமா இருந்தா 14416-ங்கிற அரசு மனநல ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணினா தமிழ்லயே இலவசமா பேசுவாங்க. விரதத்துல மாத்திரை சாப்பிடலாமான்னு சந்தேகம் இருந்தா குருசாமிகிட்ட கேட்டுட்டே வாங்க, எனக்குத் தெரிஞ்சு எந்த குருசாமியும் வேண்டாம்னு சொன்னதில்ல.