கழிமுகக் கொம்புப் பாசி

ஆறு கடலில் சேரும் இடத்தில், உவர்ப்புக் குறைந்த நீரில், கல்லைப் பற்றி வளரும் பழுப்புக் கடற்பாசி இது. அறிவியல் பெயர் ஃபியூகஸ் செரனாய்டிஸ். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்டது. நார்வே, பிரிட்டன், அயர்லாந்து முதல் போர்ச்சுகல் வரையிலான கழிமுகங்களே இதன் வாழிடம்.

'ஃபூகோஸ்' கிரேக்கத்தில் கடற்பாசி. அதுவே லத்தீனில் 'ஃபியூகஸ்' ஆனபோது சாயம், முகப்பூச்சு, கடைசியில் பாசாங்கு என்றுகூடப் பொருள் விரிந்தது. கிரேக்கத்தில் 'கெராஸ்' என்றால் கொம்பு. 'செரனாய்டிஸ்' கொம்பு போன்றது. கிளை நுனிகளில் உள்ள இனப்பெருக்கப் பகுதிகள் ஒடுங்கி, கூராகி, இரண்டிரண்டாகப் பிளந்து நிற்பதைப் பார்த்தால் பெயரின் நியாயம் புரியும்.

அடையாளம் காண்பதில்தான் சிக்கல். இதன் நெருங்கிய உறவான ஃபியூகஸ் வெசிகுலோசஸும் கழிமுகத்துக்குள் நுழையும். அதற்கு நடுநரம்பின் இருபுறமும் பெரும்பாலும் இணையிணையாகக் காற்றுப்பைகள் இருக்கும். செரனாய்டிஸில் பைகள் இல்லை. நரம்பை ஒட்டிய தசையே சில இடங்களில் நீளவாக்கில் உப்பியிருக்கும். ஆனால் பை இல்லை என்பதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. அலை மோதும் கரையில் வெசிகுலோசஸுக்கும் பை இல்லாமல் போவதுண்டு. போதாக்குறைக்கு இவ்விரண்டுக்கும் கலப்பினங்களும் பிறக்கின்றன. ஓரம் ரம்பப் பல்லாக இருந்தால் அது ஃபியூகஸ் செர்ரேட்டஸ். நுனிகள் உருண்டு, சுற்றிலும் மெல்லிய விளிம்போடு இருந்தால் ஃபியூகஸ் ஸ்பைராலிஸ். மெல்லிய மடல், கூர்நுனி, நன்னீர் வந்து கலக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தால் துணிந்து சொல்லலாம்.

இனி தமிழ்ப் பெயர். 'பாசி' பசுமையின் வேரில் பிறந்த சொல்; அந்தக் கணக்கில் 'பழுப்புப் பாசி' முரண்தான். ஆனாலும் பாசி தன் நிறத்தை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பவர்கள், பழுப்பு வகையான டர்பினேரியாவையும் 'பக்கோடா பாசி' என்றே சொல்கிறார்கள். வகைப்பாட்டில் அதுவும் ஃபியூகஸ் இடம்பெறும் அதே வரிசையை (ஃபியூகேல்ஸ்) சேர்ந்ததே. 'கொம்புப் பாசி' என்று மட்டும் சொன்னால் குளத்துப் பாசி என்றும் மயங்கலாம். எனவே இடத்தையும் முன்னே சேர்ப்பது நல்லது. செய்தித்தாள்கள் விரும்பும் 'முகத்துவாரம்' இங்கே பொருந்தாது. அது வாயிலை மட்டுமே சுட்டுகிறது. நெய்தல் பாடல்களின் 'இருங்கழி'யில் உள்ள 'கழி' உப்பு நீரையே குறிப்பதால், 'கழிமுகக் கொம்புப் பாசி' என்பதே என் தேர்வு.