255 லிட்டர் பம்ப், காருக்குள் எத்தனை லிட்டர்?

டர்போ கார்களைப் பிரித்து மாட்டுகிறவர்கள் மத்தியில் 255 என்ற எண் மிகப் பிரபலம். வால்ப்ரோ நிறுவனத்தின் சின்ன ஃபியூயல் பம்ப் ஒன்று மணிக்கு 255 லிட்டர் பெட்ரோல் தள்ளும் என்று பெயர் வாங்கியது. டொயோட்டா சுப்ரா, நிஸான் ஸ்கைலைன், மிட்சுபிஷி எவோ என்று தொண்ணூறுகளின் ஜப்பானிய கார்கள் எத்தனையோவற்றில் கம்பெனி பம்ப்பைக் கழற்றிவிட்டு அதைப் போட்டிருக்கிறார்கள். நல்ல பம்ப்தான். ஆனால் அந்த 255 என்பது ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில், ஒரு குறிப்பிட்ட வோல்டேஜில் அளந்த எண். காரில் மாட்டிய பிறகு அந்த அழுத்தமும் இருக்காது, அந்த வோல்டேஜும் பெரும்பாலும் இருக்காது.

வீட்டில் போர் மோட்டார் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பதே "தண்ணி எத்தனை அடியில இருக்கு, தொட்டி எத்தனாவது மாடி?" என்றுதான். தரையில் இருக்கும் தொட்டியைப் பத்து நிமிடத்தில் நிரப்பும் மோட்டார், மூன்றாவது மாடித் தொட்டிக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தால் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். பெட்ரோல் டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப்பும் ஒரு சப்மெர்சிபிள் மோட்டார்தான். அங்கே மாடி உயரத்துக்குப் பதில் அழுத்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

1993-இல் வந்த நான்காம் தலைமுறை சுப்ராவை எடுத்துக்கொள்வோம். அதன் 3 லிட்டர் இரட்டை டர்போ இன்ஜின், 2ஜேஇசட்-ஜிடிஇ, ஜப்பானில் 280 குதிரைத்திறன், அமெரிக்காவில் 320 குதிரைத்திறன் என்று விற்பனைக்கு வந்தது. அதன் வார்ப்பிரும்பு பிளாக் இன்னும் நிறையத் தாங்கும் என்பதால்தான் உலகெங்கும் அதைத் தேடித்தேடி வாங்கினார்கள். அதை 500 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோகிறோம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 270 கிராம் பெட்ரோல் எரிக்கும். 500 குதிரைத்திறனுக்கு 135 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம் என்பதால் இது மணிக்கு 182 லிட்டர். கைக்காவலுக்கு இருபது சதவீதம் சேர்த்தால் 220 லிட்டர். இத்தோடு நிறுத்திவிட்டு, "255 இருக்கே, போதும்" என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். பாதிக் கணக்குதான் முடிந்திருக்கிறது.

இன்ஜெக்டர் என்பது திறந்து மூடும் ஒரு சின்ன வால்வு. அதன் ஒரு பக்கம் ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான குழாயில், பெட்ரோல். மறுபக்கம் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டு. இரண்டுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் எப்போதும் மாறாமல் இருந்தால்தான், இத்தனை மில்லி செகண்டு திறந்தால் இத்தனை பெட்ரோல் விழும் என்று இன்ஜினின் கணினியான இசியூ கணக்குப் போட முடியும். டர்போ, மேனிஃபோல்டுக்குள் காற்றை அழுத்தும்போது அந்தக் காற்று இன்ஜெக்டர் வாயில் பெட்ரோலை எதிர்த்து நிற்கிறது. அதைச் சரிக்கட்டத்தான், ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு மெல்லிய ஹோஸ் போகிறது. டர்போ தரும் அந்தக் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவே ரெயில் அழுத்தத்தையும் ரெகுலேட்டர் ஏற்றிவிடும். அடிப்படை அழுத்தம் 3 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), பூஸ்ட் 1.5 பார் என்றால், முழு ஆக்சிலரேட்டரில் பம்ப் 4.5 பார் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். இன்ஜினுக்கு மிக அதிகமாகப் பெட்ரோல் தேவைப்படும் அதே நொடியில்தான் பம்ப் மூன்றாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது.

பெட்டியில் உள்ள 255 சுமார் 2.8 பாரில், 13.5 வோல்ட்டில் கிடைப்பது. 4.5 பாரில் அது 200-ஐ ஒட்டி இறங்கிவிடும். தேவை 182. கைக்காவல் என்று ஒதுக்கியதில் பெரும்பகுதி போய்விட்டது. எத்தனால் கலந்த எரிபொருள் என்றால் இன்னும் மோசம். 85 சதவீத எத்தனால் கலந்த இ85-இல் ஓட்ட நினைத்தால் 30 முதல் 40 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும், அப்போது இதே இன்ஜின் 255 லிட்டர் வரை கேட்கும். நம் ஊர் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கும் ஆறேழு சதவீதம் கூடுதலாக வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. அதனால், பம்ப் வாங்கும்போது பெட்டியைப் பார்க்காதீர்கள், கம்பெனி வெளியிடும் அழுத்தம்-ஓட்டம் வரைபடத்தைப் பாருங்கள். அந்த வரைபடமே இல்லாமல் விற்கப்படும் பம்ப்பை நான் வாங்க மாட்டேன். பிரபலமான பம்ப்புகளுக்கு அச்சு அசல் போலிகள் நிறைய உண்டு, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, பம்ப் கொஞ்சம் குறைவாகத் தள்ளினால்தான் என்ன? ரெயிலில் 4.5 பார் இருக்க வேண்டிய இடத்தில் 4 பார்தான் இருக்கிறது என்று வைப்போம். இன்ஜெக்டருக்குக் குறுக்கே வித்தியாசம் 3-க்குப் பதில் 2.5. ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், விழும் பெட்ரோல் சுமார் 9 சதவீதம் குறையும். காற்றும் பெட்ரோலும் 11.5-க்கு 1 என்று ட்யூன் செய்து வைத்திருந்தால் அது 12.6-க்கு 1 ஆகிவிடும். அந்த அளவு பூஸ்ட்டில் இது ஆபத்தான இடம். சிலிண்டருக்குள் வெப்பம் ஏறும், பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் வரும், பிஸ்டன் விளிம்பு உருகும். கொடுமை என்னவென்றால், ஊருக்குள் ஓட்டும்போது இதன் அறிகுறியே தெரியாது. அப்போது இன்ஜின் கேட்பது சில லிட்டர்கள்தான், எந்தப் பம்ப்பும் கொடுத்துவிடும்.

இனி வோல்டேஜ். எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இதுதான், பலர் தவறவிடுவதும் இதைத்தான். பெரிய பம்ப் ஒன்று 15 ஆம்பியர் வரை இழுக்கும். கம்பெனி ஒயர் அதற்காகப் போட்டதல்ல. 0.85 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.02 ஓம் மின்தடை. முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து பின்னால் இருக்கும் டேங்க் வரை 5 மீட்டர் என்றால் 0.1 ஓம். அதில் 15 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.5 வோல்ட் காலி. ஆல்டர்னேட்டர் 13.5 கொடுத்தாலும் பம்ப்புக்குக் கிடைப்பது 12. அழுத்தம் அதிகமாக இருக்கும்போது இந்த ஒன்றரை வோல்ட் ஓட்டத்தைப் பெரிதாகவே குறைத்துவிடும். அதே தூரத்துக்கு 5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்தான். தோட்டத்து மோட்டாருக்குக் கம்பம் தள்ளியிருந்தால் தடித்த கேபிள் இழுக்கிறோமே, அதே நியாயம்.

சுப்ராவில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் பம்ப்புக்கென்றே தனி இசியூ இருக்கிறது. இன்ஜின் சும்மா ஓடும்போது பம்ப்புக்குக் குறைந்த வோல்டேஜ் கொடுத்து மெதுவாக ஓட்டும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் முழு வோல்டேஜ் கொடுக்கும். பழைய பம்ப்புக்கு அருமையான ஏற்பாடு. பெரிய பம்ப்பின் கரண்ட்டை அதன் வழியே அனுப்புவது சரியல்ல. அதனால் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்து, தடித்த ஒயர் இழுத்து, சின்ன சிக்னலால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்சான ஒரு ரிலே வழியாகப் பம்ப்புக்குக் கொடுப்பார்கள். ரிலேயின் 30-ஆம் எண் முனையில் பேட்டரி, 87-இல் பம்ப். காயிலின் இரு முனைகளான 85, 86-இல் ஒன்றுக்கு எர்த், மற்றொன்றுக்குக் காரின் பழைய பம்ப் சிக்னல். அந்தச் சிக்னலை விட்டுவிட்டு நேராகச் சாவியோடு இணைக்கவே கூடாது. விபத்தில் இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும். உடைந்த பைப்பில் பெட்ரோலைத் தொடர்ந்து பீய்ச்சும் பம்ப், தீ வைக்கிற இயந்திரம். ஃப்யூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்கட்டும். எர்த் ஒயரையும் அதே தடிமனில், டேங்குக்குப் பக்கத்தில், பெயின்ட் சுரண்டிய இரும்பில் முடுக்குங்கள்.

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய பம்ப்பைப் போட்டுவிடலாமே? வேண்டாம். 4.5 பாரில் மணிக்கு 200 லிட்டர் தள்ள உண்மையில் தேவைப்படும் சக்தி 25 வாட்தான். பம்ப் இழுப்பது 130 வாட்டுக்கு மேல். மிச்சமெல்லாம் வெப்பம். சப்மெர்சிபிள் மோட்டாரைத் தண்ணீர் குளிரவைப்பது போல இந்த மோட்டாரைப் பெட்ரோல்தான் குளிரவைக்கிறது, அதாவது அந்த வெப்பம் முழுக்கப் பெட்ரோலுக்குள் இறங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் குடிப்பது கொஞ்சம், மீதியெல்லாம் டேங்குக்கும் ரெயிலுக்கும் இடையே சுற்றிச்சுற்றிச் சூடாகும். சூடான பெட்ரோல் பம்ப்பின் உறிஞ்சு வாயில் ஆவிக் குமிழாக மாறும், குமிழைப் பம்ப்பால் தள்ள முடியாது. திரும்பி வரும் பைப் சின்னதாக இருந்தால் ரெகுலேட்டரும் திணறி, அடிப்படை அழுத்தம் தானாக ஏறிவிடும். 500 குதிரைத்திறனுக்கு என் தேர்வு 340 லிட்டர் வகை. 450 லிட்டர் பம்ப்புக்குப் போனால் ஒயர், ரெகுலேட்டர், ரிட்டர்ன் பைப் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

மாட்டும் வேலைக்கு வருவோம். டேங்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது, திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பத்தடி தள்ளியிருக்கும் பொறியைத் தேடிப் போகும். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை அதுவாக நிற்கும்வரை ஓட்டினால் லைனில் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டேங்குக்குள் போகும் ஹோஸ் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். சாதாரண ஃபியூயல் ஹோஸ் உள்ளே பெட்ரோலைத் தாங்குமாறு செய்யப்பட்டது, வெளிப்புறம் முழுக்கப் பெட்ரோலில் ஊறினால் உப்பி வெடிக்கும். மூழ்கிக் கிடப்பதற்கென்றே எஸ்.ஏ.இ. 30ஆர்10 என்ற தரம் இருக்கிறது, அந்த எழுத்து ஹோஸிலேயே அச்சாகியிருக்கும். விலை அதிகம்தான். ஆனால் டேங்குக்குள் ஹோஸ் விரிந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, அழுத்தம் மட்டும் குறையும். காரணம் தேடித்தேடி அலுத்துப்போவீர்கள். ஒயருக்கும் இதே கதை. இன்சுலேஷன் டேப்பும் மலிவான ஷ்ரிங்க் ட்யூபும் பெட்ரோலில் சில மாதம்கூடத் தாங்காது. பம்ப்பின் அடியில் மாட்டும், வலைப் பை போன்ற சாக் ஃபில்டரைப் பழையதிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். அது டேங்கின் அடித்தளத்தைத் தொட்டபடி உட்கார வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் குறையும்போது வளைவுகளில் பம்ப் காற்றை விழுங்கும்.

மாட்டி முடித்ததும் ஓட்டிப் பார்த்து "நல்லா இழுக்குது" என்று திருப்திப்பட்டுவிட வேண்டாம். ரெயிலில் ஒரு அழுத்த சென்சாரும், எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் வைத்து, காரை நிறுத்தி வைத்தே இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவிலோ ரேஸ் டிராக்கிலோ முழு ஆக்சிலரேட்டரில் ஒரு ஓட்டம் பதிவு செய்யுங்கள். ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்ட்டைக் கழித்தால் கிடைக்கும் கோடு, இன்ஜின் தன் உச்ச சுழற்சி வேகத்தைத் தொடும்வரை 3 பாரில் படுக்கையாகவே இருக்க வேண்டும். 5,500 சுற்றுக்கு மேல் அந்தக் கோடு கீழே சாயத் தொடங்கினால் அங்கேயே காலை எடுத்துவிட்டு, முதலில் மல்டிமீட்டரை எடுத்துப் பம்ப்பின் கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். பல நேரம் பம்ப் நன்றாகவே இருக்கும், ஒயர்தான் மாற்ற வேண்டியிருக்கும்.