புதுப் பெயின்ட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

மேலூர்ப் பக்கம் வாழைத்தார் ஏற்றுவதற்காகப் பழைய பிக்கப் ஒன்றை வாங்கிய தம்பி ஒருவர், வண்டி பின்னால் ஒருபுறம் சாய்கிறது, பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை செட்டை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். பட்டைகளில் ஒரு குறையும் இல்லை. அவற்றைத் தாங்கும் ஹேங்கர், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேரும் இடம் உள்ளுக்குள்ளேயே துருவேறி, சுத்தியல் நுனி பட்டதும் அப்பளமாக உதிர்ந்தது. வெளியே புத்தம் புதிய வெள்ளைப் பெயின்ட். வட்டிக்குப் பணம் வாங்கி வண்டி எடுப்பவர்கள் இப்படி ஏமாந்து வருவதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

“துருதானே அண்ணே, தேய்த்துப் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும்” என்று சொல்லாத ஆளில்லை. சரியாகாது. பெயின்ட் நல்ல இரும்பைக் காக்குமே தவிர, துருவாகிப்போன இரும்பைத் திரும்ப இரும்பாக்காது. மதுரை வறண்ட ஊர், இங்கே ஓடிய வண்டிக்குத் துரு வராது என்பதும் வீண் நம்பிக்கைதான். பதிவு எண் மதுரையாக இருந்தாலும், மண்டபத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஐஸ் போட்ட மீன் ஏற்றி வந்த வண்டியாக அது இருந்திருக்கலாம். அந்த உப்புநீர் துருக்குழிகளின் அடியில் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; கம்பி பிரஷ்ஷால் மேலாகத் தேய்த்தால் அது போவதில்லை. அதன்மேல் பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் துரு மறையுமே தவிர நிற்காது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், உள்ளேயே உப்பி, சேர்த்து வைத்த இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்துவிடும்.

எஃப்சி என்ற தகுதிச் சான்றிதழ் இருக்கிறதே என்றும் கேட்பார்கள். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வாகனத்துக்கு அது ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். வாங்குபவர் அடியில் குனிந்து பார்க்க வேண்டியதில்லை என்று அந்தச் சான்றிதழ் எங்கும் சொல்லவில்லை. வண்டியின் அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைத்திருக்கும் மரக்கட்டையில்தான் தண்ணீர் தேங்கும். முதலில் டார்ச் அடிக்க வேண்டிய இடம் அதுவே. சேசிஸ் நெடுகச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்ட ஓசை ஓரிடத்தில் மந்தமானால் அங்கே இரும்பு செத்திருக்கிறது. துணி சுற்றிய காந்தம் கதவின் அடிப்பகுதியில் ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது பட்டி. கேபினில் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், பிரேக் பைப்பைக் கையால் தடவிப் பாருங்கள். சேசிஸ் எண் துருவில் அழிந்து படிக்க முடியாமல் இருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

கேபின் தரையும் கதவும் போயிருந்தால் தகடு தட்டிச் சீராக்கும் டிங்கர் வேலையில் மீட்டுவிடலாம். சேசிஸ் அப்படியல்ல. துருவின் மேலேயே பிளேட் வைத்து வெல்டிங் அடிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் தகடு சேர்க்க வேண்டும், சேசிஸின் மேல், கீழ் மடிப்புகளில் துளையிடவோ குறுக்கே வெல்டிங் அடிக்கவோ கூடாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுவதும் டீசல் டாங்க்கை இறக்குவதும் தொழில் தெரிந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல; ஆனாலும் பக்கத்தில் நின்று கேளுங்கள். வேலை முடிந்ததும் சேசிஸின் வடிதுளைகளில் அடைத்திருக்கும் சேற்றைக் குத்தி எடுத்துவிடுங்கள். கழிவு ஆயிலை அடியில் பீய்ச்சும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ரப்பர் புஷ்கள் ஊறிக் கெட்டுவிடும்.

இரண்டு மூன்று இடங்களில் சேசிஸ் அரித்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள் தம்பி. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் மேற்கொண்டு விலை பேசாதீர்கள்.